ஈரத்தை எடை போட்ட கதை



வாளி நிறையப் பால் இருந்தாலும் அத்தனையும் ரப்பராகிவிடாது என்பதைப் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூறு பங்கு பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவேதான் காண்டா வாளியில் சுமந்து வந்த பாலை ஸ்டோரில் நிறுத்துப் பார்த்ததோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியையும் அதில் விட்டுப் பார்ப்பார்கள். அது எந்தக் கோட்டில் நின்றதோ, அதைப் பொறுத்துக் கணக்கு ஏறும், அல்லது இறங்கும். புகைக்கூடத்திலும் இதே கதைதான். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்கள். நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று மறுபடியும் மூங்கிலில் தொங்கவிடுவார்கள்.

பணம் புழங்கும் இடத்தில் தண்ணீரை அளக்க மனிதன் மறந்ததில்லை. ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? கூரையைத் தாங்கும் மரத்தில் எவ்வளவு இருக்கிறது? இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல மனித குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டாயிரம் ஆண்டுக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், சுவருக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம். செங்கல் பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கிறது. உண்மையில் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உள்ளன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது தண்ணீரை உறிஞ்சும். சாந்தைக் குழைக்கவும் தண்ணீர் வேண்டும். செங்கல்லை நனைக்கவும் தண்ணீர் வேண்டும். ஒரு செங்கல்லின் எடை 3 கிலோ என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு எடைக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கல்லில் 300 கிராம் தண்ணீர். பத்தாயிரம் கல் வைத்துக் கட்டிய வீட்டில் 3,000 லிட்டர் தண்ணீர்! சாந்திலும் பூச்சிலும் உள்ள தண்ணீரை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவும் ஆவியாகி வெளியேற வேண்டும். வெளியேறும் முன்பே சாயத்தைப் பூசி வழியை அடைத்தால் சாயம் கொப்புளிக்கும், பூச்சு உதிரும், சுவரில் பூசணம் படரும். சுவரோடு ஒட்டியிருக்கும் மரச்சட்டம் உளுத்துப் போகும்.

இதைப் பழங்காலத்திலேயே உணர்ந்தவர்கள் ரோமானியர்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர், கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பாகங்கள் கொண்ட நூல் ஒன்றை எழுதி வைத்தார். அக்காலத்தில் சுடாத மண்கல்லால் சுவர் எழுப்புவது வழக்கம். அந்தக் கல்லை அறுத்து இரண்டு ஆண்டுகளாவது காயவிட வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. மேல்பரப்பு காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்தக் கல்லை வைத்துக் கட்டிப் பூச்சும் பூசிவிட்டால், பிறகு கல் காய்ந்து சுருங்கும்போது பூச்சு பிடிமானம் இழந்து பிளந்துவிடும் என்று அவர் விளக்கினார்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியா நாட்டில், யூட்டிக்கா என்ற நகரம் இருந்தது. அந்நகரில் ஒரு மண்கல் ஐந்து ஆண்டுகள் காய்ந்திருக்க வேண்டும். நகர அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துச் சம்மதம் தெரிவிக்கவும் வேண்டும். அதன் பிறகுதான் அதைச் சுவரில் வைக்கலாம். இதையும் விட்ருவியஸ்தான் குறித்து வைத்திருக்கிறார். ஈரத்தை அளக்கும் கருவி எதுவும் அந்த மக்களிடம் இல்லை. ஆகவே காலத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். வீடு கட்டுபவரின் அவசரத்துக்கு விட்டுவிடாமல், ஊர் அதிகாரியின் பொறுப்பில் அதை வைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் அருமை கதையின் பிற்பகுதியில் நமக்கு விளங்கும்.

காலத்தைக் கணக்கிடுவது வேறு, ஈரத்தையே அளப்பது வேறு. அந்த இரண்டாவது வழிக்கு வித்திட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த சமய குருவான கூசா நகர நிக்கோலஸ். 1450 ஆம் ஆண்டில் அவர் ஒரு யோசனையை எழுதினார். தராசின் ஒரு தட்டில் கம்பளி மயிரை வையுங்கள். மறு தட்டில் அதற்குச் சமமாகக் கற்களை வையுங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் கம்பளி கனத்துத் தட்டு தாழும். காற்று காய்ந்தால் தட்டு எழும்பும். இவ்வளவுதான்! ஈரம் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதற்கு எடை உண்டு. எடை உள்ள எதையும் தராசு காட்டிக் கொடுத்துவிடும். பின்னால் வந்த எடை போடும் முறைகளுக்கு இந்த எண்ணமே அடிப்படை ஆயிற்று.

1783 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரைச் சேர்ந்த சோசூர் என்ற விஞ்ஞானி, மனிதத் தலைமுடியைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றிய நூலை வெளியிட்டார். எண்ணெய்ப் பசை நீக்கிய முடி, ஈரக் காற்றில் சற்று நீளும். காய்ந்த காற்றில் சுருங்கும். முடியின் நுனியில் ஒரு முள்ளைப் பொருத்தினால் அந்த முள் அளவைக் காட்டும். இது காற்றின் ஈரத்தை அளப்பது. இதற்கும் சுவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. சுவரில் ஒரு துளையிட்டு, அதற்குள் ஈரமானியை வைத்து வாயை அடைத்துவிட்டால், துளைக்குள் அடைபட்ட காற்று கொஞ்ச நேரத்தில் சுவரின் ஈரத்தோடு ஒத்துப்போகும். அதை அளந்தால் சுவரின் உள்நிலை தெரியும். இன்று சிமெண்டுத் தளம் காய்ந்ததா என்று பார்க்கப் பொறியாளர்கள் இந்த முறையைக் கையாளுகிறார்கள். முடிக்குப் பதில் மின்சாரக் கருவி வந்திருக்கிறது; வேறுபாடு அவ்வளவே.

இப்படி வழி தெரிந்த பிறகாவது எல்லோரும் அளந்து பார்த்து வீடு கட்டினார்களா? இல்லை என்பதே வருத்தத்துக்குரிய உண்மை. அதற்குச் சாட்சி பெர்லின் நகரம்.

1871 ஆம் ஆண்டில் ஜெர்மனி ஒரே நாடாக ஒன்றுபட்டது. பெர்லின் அதன் தலைநகரமாயிற்று. ஆலைகளில் வேலை தேடி மக்கள் திரண்டு வந்தார்கள். வரிசை வரிசையாக மாடி வீடுகள் எழுந்தன. புதுச் சுவரெல்லாம் ஈரம். அந்த ஈரம் காயும்வரை வசதியுள்ளவர்கள் குடிவர மாட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கோ வீட்டைச் சும்மா பூட்டி வைக்க மனமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஏழைக் குடும்பங்களை மிகக் குறைந்த வாடகைக்கு அங்கே குடியமர்த்தினார்கள். சில மாதங்கள் ஆகிச் சுவர் காய்ந்ததும் அவர்கள் வெளியேற வேண்டும். அடுத்து இன்னொரு புது ஈர வீட்டைத் தேடிப் போக வேண்டும். ‘குடியிருந்து உலர்த்துவோர்’ என்று பொருள்படும் பெயரே ஜெர்மன் மொழியில் அவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது.

இதில் உள்ள விஞ்ஞானத்தையும் கவனியுங்கள். சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு கரியமில வாயு வேண்டும். அந்த வாயுவை ஏற்று இறுகும்போது அது தண்ணீரை வெளிவிடும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது. ஆக, அந்த ஏழைகளின் அடுப்புச் சூடும் அவர்கள் விட்ட மூச்சுமே அந்தச் சுவர்களைக் காய வைத்தன. குழந்தைகளும் முதியவர்களும் அந்த ஈரத்தில் படுத்தெழுந்து நோயுற்றார்கள். சுவரின் ஈரத்தை அளந்து பார்க்காமல் விட்டதற்கான விலையை, வீட்டைக் கட்டியவர் கொடுக்கவில்லை. குடியிருந்த ஏழை கொடுத்தான்.

அதே காலத்தில் மியூனிக் நகரைச் சேர்ந்த பெட்டன்கோபர் என்ற சுகாதாரப் பேராசிரியர், காற்றையும் வீட்டையும் பற்றி மக்களுக்குச் சொற்பொழிவுகள் ஆற்றினார். புதுவீட்டுச் சுவர்களில் அடங்கியிருக்கும் தண்ணீரைக் கணக்கிட்டுக் காட்டி, அது வெளியேறாத வீடு உடல்நலத்துக்குக் கேடு என்று எச்சரித்தார். ஈரம் என்பது கொத்தனாரின் கவலை மட்டுமன்று, மருத்துவரின் கவலையும்கூட என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

இனி மரத்துக்கு வருவோம். மரத்தின் ஈரத்தை அளக்க விஞ்ஞானிகள் கைக்கொண்ட முறை, கூசா நிக்கோலஸின் தராசு முறையேதான். மரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடை போடுகிறார்கள். பிறகு அதைச் சூட்டடுப்பில், ஏறக்குறைய 103 பாகை வெப்பத்தில், எடை மேலும் குறையாத வரைக்கும் காய வைக்கிறார்கள். முதலில் 150 கிராம் இருந்த துண்டு 100 கிராமில் வந்து நின்றால், போனது 50 கிராம் தண்ணீர். காய்ந்த மரத்தின் எடை நூறுக்குத் தண்ணீர் ஐம்பது. ஆகவே ஈரப்பதம் 50 விழுக்காடு.

1906 ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த டீமன் என்ற ஆய்வாளர் ஒரு முக்கிய உண்மையை எடுத்துக் காட்டினார். மரத்தில் உள்ள தண்ணீர் இரண்டு வகை. ஒன்று, குழாயில் நிற்பதுபோல் மரத்தின் நுண்குழல்களில் நிற்கும் தண்ணீர். மற்றொன்று, அந்தக் குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் தண்ணீர். முதல் வகை வெளியேறும்போது மரம் இலேசாகுமே தவிர உருவம் மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது இரண்டாவது வகை வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது, கோணுகிறது, வெடிக்கிறது. ஈரமாக இருக்கையில் கச்சிதமாகப் பொருந்திய கதவு பிறகு இடைவெளி விட்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்வோம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதை உளுத்துப் போகச் செய்யும் காளான் அதில் வளராது.

சூட்டடுப்பு முறை துல்லியமானது. ஆனால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்; மரத்தையும் வெட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே அளக்க முடியாதா? முடியும் என்று 1927 ஆம் ஆண்டில் வழிகாட்டினார், அமெரிக்காவின் மேடிசன் நகர ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டாம் என்ற அறிஞர். காய்ந்த மரம் மின்சாரத்தை ஓடவிடாது. ஈரம் ஏற ஏற அந்தத் தடை மளமளவென்று குறையும். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி அந்தத் தடையை அளந்தால் ஈரப்பதம் தெரிந்துவிடும். இன்று தச்சர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஊசிக் கருவி இப்படிப் பிறந்ததுதான்.

ஆனால் செங்கல் சுவரில் இந்தக் கருவியை அப்படியே நம்பிவிடக் கூடாது. சுவரில் உப்பு ஊறியிருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் மின்சாரம் ஓடும். கருவி கூடுதலாகக் காட்டும். அதற்கு வேறொரு வழி இருக்கிறது. விடியற்காலையில் நெற்றியில் கட்டிக்கொண்டு மரம் சீவப் போன கார்பைட் விளக்கை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டினால் வாயு கிளம்பும். அது எரிந்து வெளிச்சம் தரும். தண்ணீர் கூடினால் வாயுவும் கூடும். இதே விதியை வைத்துச் சுவரை அளக்கலாம். சுவரில் குடைந்தெடுத்த தூளை எடை போட்டு, கார்பைட் தூளோடு ஓர் இரும்புக் குப்பியில் இட்டு, இறுக மூடிக் குலுக்குகிறார்கள். தூளில் உள்ள தண்ணீருக்கு ஏற்ப வாயு கிளம்பி, குப்பியின் முள்ளைத் தள்ளுகிறது. முள் நிற்கும் இடத்தில் ஈரத்தின் அளவு தெரிகிறது. இந்த வாயு எளிதில் தீப்பற்றும் என்பதால், இது பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

இப்பொழுது நம் நாட்டில் நடந்த ஒரு மாற்றத்தைப் பார்ப்போம். 1877 ஆம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்து வந்த தலைமுறைகளில் அந்த மரம் மலாயாவின் செல்வமாயிற்று. நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கடல் கடந்து வந்ததும் அதைச் சுற்றித்தான். ஆனால் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்கு என்ன மதிப்பு இருந்தது? விறகு என்பதுதான் அதன் மதிப்பு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட அதை எரித்தார்கள். லயன் வீட்டு அடுப்பிலும் எரித்தார்கள். 1960-களில் பிறையில் நிறுவப்பட்ட மலாயாவாத்தா இரும்பாலை, ரப்பர் மரக்கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. எஞ்சிய மரங்களைத் தோட்டத்திலேயே போட்டுக் கொளுத்தினார்கள்.

மேசை நாற்காலி செய்ய அதை ஏன் எடுக்கவில்லை? எடுத்துப் பார்த்தவர்கள் கைவிட்டார்கள் என்பதே காரணம். வெட்டிய ரப்பர் மரத்தில், காய்ந்த எடை நூறு என்றால் தண்ணீர் அறுபதுக்கு மேலும் இருக்கும். கூடவே மாவுச்சத்தும் மிகுதி. தண்ணீரும் மாவும் சேர்ந்த இடத்தில் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஓரிரு நாளில் மரத்தில் நீலக்கறை ஏறிவிடும். வண்டு துளைக்கும். அரைகுறையாகக் காய்ந்த பலகை முறுக்கிக்கொள்ளும். ‘இது உதவாத மரம்’ என்று தீர்ப்பு எழுதப்பட்டதற்கு இவையே காரணங்கள்.

அந்தத் தீர்ப்பை மாற்றியது அளந்து பார்க்கும் பழக்கம். கெப்போங்கில் 1929 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வன ஆராய்ச்சிக் கழகத்திலும் மர ஆலைகளிலும் இந்த மரத்தைப் படிப்படியாக ஆராய்ந்தார்கள். முறை இதுதான்: வெட்டிய மரத்தைக் காட்டில் கிடக்கவிடாமல் உடனே பலகையாக அறுக்க வேண்டும். நாம் வெங்காரம் என்று சொல்லும் போராக்ஸ் போன்ற உப்புகளின் கரைசலை அழுத்தத்தோடு அதற்குள் ஏற்ற வேண்டும். பூச்சியும் பூசணமும் அண்டாது. பிறகு உலர்த்தும் சூளையில் அடுக்கிச் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் கட்டுப்படுத்தி, பல நாட்கள் மெல்ல மெல்லக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேற்புறம் மட்டும் காய்ந்து மரம் வெடித்துவிடும். ஆகவே மாதிரித் துண்டுகளை அவ்வப்போது எடுத்து எடை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 12 விழுக்காட்டுக்கு வந்த பிறகே பலகை தச்சரிடம் போகும்.

விளைவு என்ன? 1980-கள் தொடங்கி ரப்பர் மரத்தில் செய்த மேசை, நாற்காலி, கட்டில் ஆகியவை மலேசியாவின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களாயின. மூவார் வட்டாரம் அந்தத் தொழிலுக்குப் பேர்போன இடமாயிற்று. கப்பலேறிப் போன அந்த நாற்காலிகள் அயல்நாட்டு வீடுகளை அலங்கரித்தன. விறகாய் எரிந்ததும் அதே மரம். வெளிர்நிற நாற்காலியாய் மெருகேறி நின்றதும் அதே மரம். பால் நின்றதும் இனி இதனால் பயனில்லை என்று முடிவு கட்டியது மரத்தின் குறையாகுமா? அளந்து பார்க்காதவர்களின் குறையல்லவா அது?

நேயர்களே, தோட்டங்கள் கைமாறி, லயன்களை விட்டு வெளியேறி, கடன் வாங்கி ஒரு சொந்த வீட்டை வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த வீட்டைக் காத்துக்கொள்ள விலையுயர்ந்த கருவி கட்டாயம் வேண்டும் என்பதில்லை. நம் கையாலேயே செய்யக்கூடிய சில அளவைகள் உண்டு.

புதிய சிமெண்டுத் தரையில் விரிப்பு ஒட்டுவதற்கு முன், இரண்டடி சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி முத்துமுத்தாக நின்றால், அல்லது தரை கறுத்திருந்தால், தரை இன்னும் காயவில்லை. பொறுத்திருக்க வேண்டும்.

பலகை வாங்கினால், அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மற்ற பலகைகளோடு நிழலில் காற்றாட வையுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று வாரங்கள் ஒரே எடையில் நின்றால் நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி மரம் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆணி அடிக்கலாம்.

சுவரில் ஈரத்திட்டு கண்டால் உடனே சாயம் பூசி மறைக்காதீர்கள். திட்டின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியைக் குறியுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் சுவர் காய்ந்து வருகிறது. தரையை ஒட்டிக் கீழ்ப்பகுதியில் மட்டும் ஈரம் இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். மேலேயிருந்து இறங்கினால் கூரையையும் பீலியையும் பாருங்கள். நடுச்சுவரில் மட்டும் இருந்தால் உள்ளே ஓடும் குழாயைச் சந்தேகியுங்கள். வரும் வழியை அடைத்து, சுவரைக் காயவிட்டு, அதன் பிறகு சாயம் பூசினால் போட்ட பணம் வீண்போகாது.

ஐந்து ஆண்டுகள் காயாத கல்லைச் சுவரில் வைக்கக் கூடாது என்று விதி வகுத்த யூட்டிக்கா மக்களையும், பிறர் வீட்டுச் சுவரைத் தம் மூச்சால் உலர்த்திய பெர்லின் ஏழைகளையும் நாம் ஒருசேர நினைத்துப் பார்க்க வேண்டும். அளவு கேட்கும் உரிமை யாரிடம் இருந்ததோ, அவர்களுக்கு நல்ல வீடு கிடைத்தது. ஆகவே, சுவரைத் தட்டிப் பார்த்து, “காய்ந்துவிட்டது, தைரியமாகக் குடிபோங்கள்” என்று யாராவது சொன்னால், “எத்தனை விழுக்காடு காய்ந்தது? எப்படி அளந்தீர்கள்?” என்று பணிவோடு கேட்போம். நம் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுப்போம்.